ஏறுகிற வண்டிக்கு வழி விட்டவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் வீட்டு வாசலில் தினமும் காலையில் ஒரு தடவை அந்தப் பெயர் உரக்கக் கேட்கிறது. எனக்கு அது போதும்.

கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்கு வருவாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், ஒல்லி உடம்பு. வந்ததும் செருப்பைக் கழற்றி, திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்ளத் தோதாக வாசல் பக்கம் திருப்பி வைப்பாள். பேச்சு குறைவு. பேசினால் "ஆமாங்க", "ஆச்சுங்க" இரண்டும்தான் அதிகம் வரும். "இல்லை" என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

என் வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். ரிட்டையராகி எட்டு வருஷத்தில் மறதி பிடித்துக்கொண்டது. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, அப்புறம் சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி, அப்புறம் மனிதர்கள். சேலத்து டாக்டர் எல்லா சோதனையும் செய்துவிட்டு, "இது முழுசா குணமாகிற வியாதி இல்லம்மா. இருக்கிற வரைக்கும் அவரைச் சந்தோஷமா வச்சுக்கப் பாருங்க. அதோட நீங்க படுத்துடாதீங்க" என்றார். சொல்வது சுலபம். டாக்டரா கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு பொங்கலுக்கு அடுத்த வாரம், காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "ஏனுங்கம்மா, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? உக்காருங்க" என்றார். நாற்பத்து மூன்று வருஷம் 'ஏ சரசு' என்று அதட்டியவர் எனக்கு 'ங்க' போட்டார். எங்கள் பக்கத்தில் புருஷன் மரியாதை கொடுப்பதில்லை என்று அழாத பெண் கிடையாது, நானும் அழுதிருக்கிறேன். மரியாதை கொடுத்தால் நெஞ்சு இப்படி எரியும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். இந்த மனுஷன் மனதில் நான் எங்கேயாவது இருக்கிறேனா, இல்லையா?

தனியாகச் சமாளிக்க முடியாமல்தான் அவளை வரச் சொன்னேன். எஸ்டேட்டில் இவருக்குக் கீழே காப்பிப் பழம் பறித்தவள். பிறகு தன் மாமியாருக்கு இதே வியாதி வந்து ஏழு வருஷம் பார்த்தவள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

முதல் நாள் அவள் வந்தபோது இவர் கேட்டருகே நின்றிருந்தார். கையில் காப்பி டம்ளர்.

"ஏம்புள்ள, இதா வர்ற நேரம்? மணி என்ன?"

மணி ஏழுகூட ஆகவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புத்தானுங்க ஐயா. பஸ்ஸு பஞ்சருங்க. நாளைக்கு நேரத்துல வந்தர்றனுங்க."

நான் சும்மா இருக்கவில்லை. "எஸ்டேட்ட உட்டு வந்து பத்து வருசம் ஆச்சுங்க. இது நம்ம ஊடு" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "யாருங்க நீங்க, வேல நேரத்துல குறுக்க பேசறது?" என்று டம்ளரை வீசினார். சுவரெல்லாம் காப்பி.

அவள் துணி எடுத்துவந்து துடைத்தாள். அவரை உட்காரவைத்துவிட்டு, என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நம்ம மல ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டிதானுங்க ஒதுங்கி நிக்கோணும். ஏறி வர்றவன் பாதியில நின்னுட்டா மறுபடி கெளம்பறது நொம்ப செரமமுங்க. ஐயா லோடோட ஏறி வர்றாருங்க. நமக்கென்னங்க, ஒதுங்கிக்குவோம்."

டாக்டரும் இதைத்தான் சொல்லியிருந்தார், அவரைத் திருத்தாதீர்கள் என்று. டாக்டர் சொன்னபோது என் மண்டையில் ஏறவில்லை.

அவள் ஒதுங்கி நின்ற விதங்களை எழுதினால் தீராது. குளிக்க மாட்டேன் என்று இவர் அடம் பிடித்தால், "மொதலாளி ஜீப்பு குப்பனூர் தாண்டிருச்சாமுங்க, சட்ட மாத்திக்கறீங்களா?" என்பாள். அடுத்த நிமிஷம் மனுஷன் வாளிப் பக்கத்தில் நிற்பார். கண்ணாடியில் ஒரு கிழவன் முறைக்கிறான் என்று ஒருநாள் கத்தினார். அது நீங்கள்தான் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "அந்த ஆளப் போகச் சொல்லிட்டனுங்க" என்று கண்ணாடி மேல் துண்டைப் போட்டுவிட்டாள். அந்தத் துண்டு இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

செக்ரோல் விஷயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. எஸ்டேட்டில் காலையில் ஆட்களை நிறுத்தி, வேலைக்கு வந்தவர்கள் பெயரை ஒரு புத்தகம் பார்த்துக் கூப்பிடுவார்கள். அதுதான் செக்ரோல். இவர் தினமும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வீட்டைப் புரட்டுவார். அவள் என் மகளுடைய பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, பென்சிலோடு கையில் கொடுத்தாள். அவர் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார்.

"காளியம்மா!"

"வந்துட்டனுங்க" என்றாள் கட்டைக் குரலில்.

"சின்னப்பையன்!"

"இருக்கறனுங்க சாமி." இது இருமலோடு, ஆண் குரலில்.

"மாரியாயி!"

"வந்துத்தனுங்க." மாரியாயிக்கு முன்பல் கிடையாதாம்.

முப்பதுக்கு மேல் பெயர்கள். அதில் பாதிப் பேர் செத்துப்போனவர்கள். எல்லோருடனும் சேர்ந்து பழம் பறித்தவள் ஆகையால் எல்லோர் குரலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிப் பெயர் அவளுடையது. அதற்கு மட்டும் சொந்தக் குரலில் பதில் சொல்லி ஒரு அடி முன்னால் வந்து நிற்பாள். அவர் நோட்டை மூடிவிட்டு, பெரிய வேலை முடிந்த திருப்தியோடு உள்ளே வருவார். அப்புறம் ஒரு தட்டில் காப்பிக்கொட்டை. கறுப்பும் உடைசலும் அவள் பொறுக்க, அவர் மேற்பார்வை. சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி கலந்து வைத்துவிட்டுப் போவாள். நான் சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அவரைச் சரிக்கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க ரெண்டு மணிக்குக் கெளம்பிரோணும். ஏரிய ஒரு சுத்து சுத்துங்க. உங்க தையக்கடைக்கார அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க. அஞ்சு மணிக்கு வந்தாப் போதும்."

முதல் நாள் இருபது நிமிஷத்தில் ஓடிவந்துவிட்டேன். ஒரு மாதத்தில் மூன்று மணி நேரமும் வெளியில் இருக்கப் பழகிவிட்டேன். டூரிஸ்ட் கூட்டத்தோடு நின்று மிளகாய் பஜ்ஜி தின்றேன். தையல்கடைத் தோழி, "முகத்துல ரத்தம் வந்திருக்குதடி. அவ உனக்குக் கெடச்ச வரம்" என்றாள்.

ஆனால் நான் மேடேறித் திரும்பி வந்தது பஜ்ஜி தின்ற தெம்பில் இல்லை. ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்தால் அவள் ஒரு வாக்கியம் வைத்திருப்பாள்.

"ஐயா உங்களக் கேட்டாருங்கம்மா. சரசு கறிக்கொழம்பு வெச்சா ரோட்டு வரைக்கும் மணக்கும்னாருங்க."

இன்னொரு நாள், "சரசுக்கு மல்லியப்பூ ஆகாது, தலவலி வந்துரும், கனகாம்பரந்தான் வாங்கோணும்னாருங்க" என்றாள். உண்மைதான். கல்யாணத்தன்று மல்லிகையைச் சுமந்துகொண்டு தலைவலியில் நான் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

உள்ளே போனால் என்னைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்பார். பரவாயில்லை என்று இருந்தது. கையில் அந்த ஒரு வாக்கியம் இருந்தது. நாளை ஐந்து மணி வரைக்கும் தாங்கும். நாள் தவறாமல் ஒன்று வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதைத் தின்றுதான் நான் உயிரோடு இருந்தேன்.

அடுத்த வருஷம் மே மாதம் மலர்க் கண்காட்சி சமயம். ஊரில் கால் வைக்க இடமில்லை, தையல்கடையும் பூட்டியிருந்தது. இரண்டரை மணிக்கே மழை பிடித்துக்கொண்டது, குடையும் கொண்டுபோகவில்லை. பின்பக்க வழியாகத் திரும்பினேன். உள்ளே போக ஏனோ மனம் வரவில்லை. அவர் என்னைக் கேட்பதை ஒரே ஒரு தடவை என் காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. அவர் அறை ஜன்னலுக்குக் கீழே விறகுக் கொட்டகை. அதில் உட்கார்ந்துகொண்டேன்.

கொட்டை தட்டில் விழும் சத்தம் கேட்டது. அவர் இருமினார். "காப்பி குடிக்கறீங்களா ஐயா?" என்றாள். "ம்" என்றார். அப்புறம் குறட்டை. மூன்று மணிக்கும் குறட்டை, நான்கு மணிக்கும் குறட்டை. எழுந்த பிறகும் மறுபடி கொட்டைச் சத்தம்தான். அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு 'ம்'. எனக்கு முதலில் அவர் மேல்தான் ஆத்திரம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்கக்கூடாதா மனுஷன்?

ஐந்து மணிக்கு முன்பக்கம் சுற்றி வந்து கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். அவள் துண்டோடு ஓடிவந்தாள்.

"நனஞ்சுட்டீங்களேம்மா. மூணு மணிக்கே ஐயா கேட்டாருங்க. வானம் மூடியிருக்குது, சரசு கொட எடுத்துட்டுப் போனாளான்னு."

அவள் முதுகுக்குப் பின்னால், கதவு ஆணியில் என் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு மணிக்கு அவரு தூங்கிட்டிருந்தாரு" என்றேன். "நான் வெறகுக் கொட்டாயிலதான் உக்காந்திருந்தேன்."

அவள் கையிலிருந்த துண்டு நீட்டியபடியே நின்றது.

"அப்ப இத்தன நாளா நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். இவர் டம்ளரை ஓங்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்கம்மா."

"கறிக்கொழம்பு?"

"ஆமாங்கம்மா."

"கனகாம்பரமும் இட்டுக்கட்டுனதுதானா?"

"ஆமாங்கம்மா. தப்புத்தானுங்க."

'பஸ்ஸு பஞ்சருங்க' என்று சொன்ன அதே குரல். அந்தக் குரலில்தான் என் உடம்பு பற்றியெரிந்தது. பொய் சொன்னாள் என்பதைக்கூட மன்னித்துவிடுவேன். இவளுக்கும் பொய் வேண்டியிருக்கிறது, இவளையும் சமாளிக்க வேண்டும் என்று ஒரு வருஷமாக என்னைப் பற்றி முடிவு செய்து வைத்திருந்தாளே! நான் அந்த வீட்டில் எஜமானி என்று நினைத்திருந்தேன். அவள் கணக்கில் அங்கே நோயாளிகள் இரண்டு பேர். ஒருவருக்குச் செக்ரோல், இன்னொருத்திக்குச் சாயங்கால வாக்கியம். கனகாம்பரத்தை நானேதான் எப்போதோ அவளிடம் உளறியிருக்க வேண்டும் என்று அப்போது தீர்மானித்துக்கொண்டேன்.

"நாளையிலிருந்து வராத" என்றேன்.

"ஆச்சுங்கம்மா."

அவருடைய ஸ்வெட்டரை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் நோட்டோடு வாசலுக்கு வந்தார். பெயர்களைக் கூப்பிட்டார். யாருக்கும் பதில் இல்லை. நான் உள்ளேயே இருந்தேன். இனி இந்த வீட்டில் பொய்யே கிடையாது என்று எனக்கு வீம்பு. பத்து நாள் அப்படியே போயிற்று. ஒன்பது மணி வரைக்கும் தூறலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் வேலைக்கு வராத எஸ்டேட் ரைட்டரின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பதினோராம் நாள் என் வீம்பு தோற்றது. போய் அவர் முன்னால் நின்றேன்.

"காளியம்மா!"

"வந்துட்டனுங்க."

எனக்குக் குரல் மாற்றத் தெரியாது. காளியம்மாவுக்கும் சின்னப்பையனுக்கும் மாரியாயிக்கும் என் ஒரே குரல்தான். அவர் அதைப் பொருட்படுத்தாமல் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அவள் பெயர்.

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தார். "கொட்டச்சேடு பஸ்ஸு வந்துச்சா இல்லியா? அவ வேலைக்கு வராம நிக்க மாட்டாளே" என்றார். என் பெயர் மறந்தவருக்கு அவள் பெயரும், ஊரும், பஸ்ஸும் ஞாபகம் இருந்தது. கசப்பை விழுங்கிக்கொண்டு, "வந்துட்டனுங்க" என்றேன். ஒரு அடி முன்னால் போய் நின்றேன்.

அவர் நோட்டை மூடினார். கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். மற்ற ஆட்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்புள்ள, எங்கூட்டுச் சரசு எங்க போனா, பாத்தியா?"

"ஏரிப் பக்கம் போயிருக்காங்கய்யா" என்று எப்படியோ சொன்னேன்.

"வானம் மூடியிருக்குது. கொட எடுத்துட்டுப் போனாளா?"

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது அவருடைய கேள்வி. எத்தனை தடவை கேட்டிருப்பார்? அன்றைக்கு அவர் கேட்காததால் அவள் பழைய கேள்வி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறாள். அப்படியானால் கறிக்குழம்பு? கனகாம்பரம்? என்னை நேரில் பார்த்தால் யாரோ விருந்தாளி என்று எழுந்து நிற்கிற மனுஷன், என்னைப் பற்றிக் கேட்பதற்கு அவளைத்தான் வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து மகள் வந்திருந்தாள். அவரை மகள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். பாய் போட்டாள், வரக்காப்பி கொடுத்தாள். நான் காப்பியைத் தொடாமல் கேட்டேன்.

"நெசத்தச் சொல்லு. அவரு உங்கிட்ட என்னயக் கேப்பாரா?"

"ஆமாங்கம்மா."

"அன்னைக்கு எல்லாம் பொய்யின்னியே?"

"ஆமாங்கம்மா."

"எது நெசம், எது நீயாச் சொன்னது? கனகாம்பரம் அவரு சொன்னதா?"

"நீங்க நெனைக்கறதுதானுங்கம்மா."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. இறங்குகிற வண்டி மறுபடியும் ஓரங்கட்டி நிற்கிறது! அன்று சாயங்காலமும் இவள் இதைத்தானே செய்தாள். கோபத்தில் ஏறி வந்த எனக்கு ஒதுங்கி நின்றாள், அதை நான் ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு விரட்டினேன். 'இல்லீங்கம்மா, இன்னைக்குச் சொன்னது ஒண்ணுதான் பொய்' என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த ஒரு வருஷத்தில் எந்த வாக்கியம் அவருடையது என்று இனிமேல் எனக்கு யார் சொல்வார்கள்? அவளும் சொல்ல மாட்டாள், அவருக்கும் தெரியாது.

காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன். "சரி, உட்ரு. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துரு" என்றேன். எப்போதும்போல 'ஆச்சுங்க' வரும் என்று எழுந்திருக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

"இல்லீங்கம்மா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, குழைவும் இல்லை. என்னை நோயாளியாக நினைக்காமல் அவள் பேசிய ஒரே வார்த்தை அது. நான் விறகுக் கொட்டகையில் ஒளிந்திருந்து வேவு பார்த்தது அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்று, வெட்கக்கேடு, அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. பஸ் வரை வந்து ஏற்றிவிட்டாள். "ரெண்டு மணிக்கு வெளிய போறத உட்ராதீங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவளை அப்புறம் நான் பார்க்கவில்லை. வேறொருத்தி மத்தியானங்களில் வருகிறாள், நல்லவள், சாயங்காலம் வாக்கியம் எதுவும் சொல்ல மாட்டாள். செக்ரோலில் பெயர்கள் உதிர்ந்துகொண்டே வருகின்றன. முப்பது பன்னிரண்டாகி, இப்போது நான்கில் நிற்கிறது. காளியம்மாகூடப் போய்விட்டாள். கடைசிப் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு நான் ஒரு அடி முன்னால் போய் நிற்கிறேன். அவள் மேல் இருக்கும் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான். தினமும் காலையில் அவளாக நின்றால்தான் என் புருஷன் என்னைத் தேடுவது என் காதில் விழும்.

எல்லா நாளும் கேட்பதில்லை. நேற்று கேட்கவில்லை. இன்று காலை கிட்டே கூப்பிட்டு, "சரசு கொட எடுத்துட்டுப் போனாளா புள்ள?" என்றார்.

"எடுத்துட்டுத்தானுங்க போயிருக்காங்க" என்றேன்.

"வந்தா, நான் கேட்டேன்னு சொல்லு."

"சொல்றனுங்கய்யா."

அவர் நிம்மதியாக நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போனார். குடை கதவு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.